முரோங்கா மூழ்கும் காட்சி

என் கணவர் மூச்சு முட்டிச் சாகப் பார்த்ததை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜப்பான் முழுவதும் சோறு தின்றுகொண்டே பார்த்தது. எங்கள் தெருவிலும் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக் குழந்தைகள் கைதட்டிய சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

அவர் பெயர் நெமோட்டோ கென்சாகு. அகிதாவில், பனி கூரை வரை ஏறும் ஓர் ஊரிலிருந்து, நடிகனாக வேண்டும் என்று டோக்கியோவுக்கு வந்தவர். நல்ல குரல். அகலமான தோள். ஆனால் முகம், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் மறந்துபோகும் முகம். ஒரு நாடகக் குழுவில் வேலைக்காரன், போலீஸ்காரன், சவப்பெட்டி தூக்குகிறவன் என்று சில வருடம் மேடையின் ஓரத்தில் நின்றார். பிறகு யாரோ சொல்லி எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். அங்கே முகம் தேவைப்படாத வேலை ஒன்று இருந்தது. ராட்சத மிருகத்தின் ரப்பர் உடுப்புக்குள் நுழைந்து, இடுப்பு உயரத்துக்குக் கட்டிவைத்த பொம்மை நகரங்களை மிதித்து நொறுக்கும் வேலை.

நான் அந்த உடுப்புகளைச் செய்யும் கூடத்தில் இருந்தேன். ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டி, மேலே ரப்பர் பால் பூசி, செதில் வைத்து, முதுகு முட்களுக்கு அடியில் ஜிப் தெரியாமல் மறைத்துத் தைப்போம். பசை நாற்றம் தலைமுடியில் ஏறிவிடும். பொதுக் குளியலறையில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கென்சாகுவுக்கு ஜிப் போட்டுவிடுவதும் கழற்றிவிடுவதும் என் பொறுப்பு. காட்சி முடிந்து அவரை வெளியே இழுத்ததும், உடுப்பின் கால்களைக் கவிழ்த்து வியர்வையை ஊற்றுவோம். அப்படிப் பழகித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

"எப்பப் பார்த்தாலும் முதுகுப் பக்கமா நின்னுட்டு, உனக்கு எப்படி மிட்சுயோ இந்த ஆளைக் கட்டிக்கணும்னு தோணுச்சு?" என்று கூடத்துப் பெண்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

"முதுகு பொய் சொல்லாதுடி" என்பேன்.

எத்தனையோ தொடர்களில் அவர் நடந்தார், விழுந்தார், எரிந்தார், பனியில் உறைந்தார். முடிவில் எழுத்துப் போடும்போது மதியச் சாப்பாடு கொண்டுவருகிற கடையின் பெயர்கூட வரும். மிருகத்துக்குள் இருந்தவர் பெயர் வராது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் குழந்தைகளின் நம்பிக்கை கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். அவர் அதை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுத்து ஓடி முடியும்வரை டி.வி. முன்னால் இருந்து எழுந்திருக்க மாட்டார்.

எழுபத்து மூன்றாம் வருடத் தொடக்கத்தில் டைரக்டர் உசாமி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். உசாமி கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசிக் கூலிக்காரன் பெயர்வரை நினைவு வைத்திருப்பார். எங்களோடு தரையில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்பார். கோடை விடுமுறைக்காக ஒரு சின்னத் தொடர், வாரம் ஒன்றாக ஐந்தே பாகம். டோக்கியோ வளைகுடாவை மண் கொட்டி மூடுகிறார்கள். அடியில் சேற்றில் தூங்கிக்கொண்டிருந்த முரோங்கா என்கிற மிருகம் படுக்க இடமில்லாமல் எழுந்து வருகிறது. போகும் இடமெல்லாம் அடிபட்டு, கடைசியில் மலைமேல் இருக்கும் ஓர் அணைக்கட்டு ஏரிக்குள் விரட்டி மூழ்கடிக்கப்படுகிறது. அவ்வளவுதான் கதை.

"இது சும்மா கட்டடம் உடைக்கிற கதை இல்ல கென்சாகு" என்றார் உசாமி. "அந்த மிருகம்தான் கதாநாயகன். நடிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் உள்ள இருக்கணும். இந்தத் தடவை கடைசி பாகத்துல உன் பேர் வரும்டா. நான் சொல்றேன், பேர் வரும்."

வீட்டுக்கு வந்து கென்சாகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கானாங்கெளுத்தி சுட்டுக்கொண்டிருந்தேன்.

"மிட்சுயோ, என் பேர்ல 'சாகு'வை எந்த எழுத்துல போடுவாங்க? தப்பா போட்டுடுவாங்களோ?"

"எழுதிக் குடுத்துட்டு வாங்க. மீன் ஆறுது, சாப்பிடுங்க."

ஒரே ஒலிக்குப் பல எழுத்து உள்ள மொழி எங்களுடையது. மறுநாள் உண்மையாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான்கு பாகங்கள் நன்றாக எடுத்து முடித்தார்கள். அவர் அந்த உடுப்புக்குள் வேறு ஆளாக இருந்தார். கட்டடத்தை மிதிப்பதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குவார். அடி விழும் பக்கம் பார்க்காமல் அதற்கு எதிர்ப்பக்கம் பார்ப்பார். கண்ணாடியில் இதையெல்லாம் பழகிப் பழகிச் செய்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே, அந்த ரப்பருக்குள் இருப்பது என் வீட்டில் ஊறுகாய்க்குச் சண்டை போடுகிற மனுஷன் என்பது மறந்துபோகும்.

கடைசிக் காட்சி தண்ணீர்த் தொட்டியில். நீல வானம் வரைந்த சுவருக்கு முன்னால் பெரிய தொட்டி. மார்ச் மாதக் குளிர். ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்தால் உடுப்பின் கனம் பல மடங்கு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் உசாமியே ஏற்பாடு ஒன்று சொல்லிவைத்தார்.

"ரெண்டு கையையும் அகலமா விரிச்சுக்கிட்டே மூழ்கணும். உறுமிக்கிட்டே போ. உள்ள ஏதாவது கோளாறுன்னா இடது கையைத் தூக்கித் தலைமேல வை. அடுத்த நொடி கட் சொல்லிடுவேன். புரியுதா?"

"புரியுது சார்."

நான் ஜிப்பை இழுத்து மூடி, முட்களைச் சரிசெய்து, முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பினேன்.

அவர் கைகளை விரித்தபடி இறங்கினார். தண்ணீர் மார்புக்கு வந்தது. பிறகு என்ன ஆனதென்றால், மிருகத்தை மூழ்கடிக்க அடியிலிருந்து இழுக்கும் கம்பியில் ஒரு கால் மாட்டிக்கொண்டது. உடுப்பு பக்கவாட்டில் சாய்ந்தது. முரோங்காவின் வாய் தண்ணீருக்குள் போனது. அவர் மூச்சு விடும் ஓட்டை அந்த வாய்தான். வால் தண்ணீரை அடித்தது. அப்புறம் இடது கை மேலே வந்தது. மெதுவாக, அந்தக் கனமான ரப்பர் கை, தலைமேல் போய் உட்கார்ந்தது.

யாரும் கட் சொல்லவில்லை.

நான் உசாமியைப் பார்த்தேன். அவர் காமிராவுக்குப் பக்கத்தில் பாதி எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. கை மட்டும் காமிராக்காரர் தோளை அழுத்திக்கொண்டிருந்தது, ஓடட்டும் என்பதுபோல.

"சார், கை! கை வச்சுட்டார்!" என்று கத்தினேன்.

கை தலையிலிருந்து நழுவியது. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி நழுவியது. நான் அதற்குமேல் நிற்கவில்லை, தொட்டிக்குள் குதித்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. என்னைக் காப்பாற்றத்தான் முதலில் ஆட்கள் குதித்தார்கள், அப்புறம்தான் அவரை. தண்ணீரில் ஊறிய ஜிப் நகரவில்லை. நான் தைத்த முதுகை நானே கத்தியால் கிழித்தேன். உள்ளே இருந்து வந்த முகம் நீலமாக இருந்தது. அன்று பார்த்த அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லை.

பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் கண் விழித்ததும் அவர் கேட்டது இதைத்தான்: "ஷாட் ஓகேயா?"

எனக்கு அவரை அறையவேண்டும்போல் இருந்தது.

நுரையீரலில் சளி கட்டி நாட்கணக்கில் காய்ச்சல் அடித்தது. வலது கையில் ஒரு நடுக்கம் வந்து தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடிக்கவேண்டும் என்று ஆனது. உசாமி ஒரு பெரிய முலாம்பழத்தைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். கென்சாகு மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"சார், ஒண்ணு கேக்கணும். கை தலைமேல போச்சே, நீங்க பார்த்தீங்களா, பார்க்கலையா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். தண்ணீர் தெறித்தது, தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்புவதற்கு ஆசையாகத்தான் இருந்தது.

"பார்த்தேன்" என்றார்.

"பார்த்துட்டு?"

"இன்னும் கொஞ்சம்னு நினைச்சேன்."

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது எதற்கு வந்த தண்ணீர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முலாம்பழத்தை நான் செவிலியருக்குக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்த ஒன்றிரண்டு காட்சிகளை, முரோங்கா முதுகு காட்டி நடக்கும் காட்சிகளை, ஷிபாசாகி என்கிற புதுப் பையனைத் தைத்துச் சரிசெய்த உடுப்புக்குள் விட்டு எடுத்தார்கள். கோடையில் தொடர் ஒளிபரப்பானது. கடைசி பாகத்தன்று கென்சாகு குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, டி.வி. முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஏரிக் காட்சி வந்தது. முரோங்கா சாய்ந்தது. கையைத் தலைமேல் வைத்தது. பின்னால் வயலின் வைத்திருந்தார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கைதட்டியது அப்போதுதான்.

திரும்பி வந்தபோது எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. 'முரோங்கா' என்று போட்டு, கீழே ஷிபாசாகியின் பெயர்.

எழுத்து முழுக்க ஓடி முடிந்து விளம்பரம் வந்தது. அவர் அசையவில்லை.

"ரொம்ப வேகமா ஓட்டிட்டாங்க" என்றார். "என் கண்ணுல படல. நீ பார்த்தியா?"

"நான் உள்ள இருந்தேன்" என்றேன்.

கேட்டதற்கு ஸ்டூடியோவில் தவறு நடந்துவிட்டது என்றார்கள். அடுத்த முறை போடும்போது திருத்துகிறோம் என்றார்கள். ஒவ்வொரு கோடையிலும் அதை மறுபடி போட்டார்கள். எதையும் திருத்தவில்லை. அந்த மூழ்கும் காட்சிதான் பெரிய பேச்சாக இருந்தது. உலகத்தையே மிதித்த ஒரு மிருகம் கடைசியில் குழந்தையைப்போலத் தன் தலையில் தானே கை வைத்துக்கொண்டு சாகிறதாம். பத்திரிகையில் எழுதினார்கள். கையைத் தலைமேல் வைத்த முரோங்கா பொம்மை கடைகளில் வந்தது. எங்கள் தெருப் பொடியன்கள், சண்டை விளையாட்டில் தோற்றவுடன் இடது கையைத் தலையில் வைத்துக்கொண்டு விழுவார்கள். காய்கறி வாங்கிக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து வருவேன். என் கணவர் உயிருக்குக் கெஞ்சியது அது. தெரு முழுக்கக் கெஞ்சினார்கள், சிரித்துக்கொண்டே.

நான் ஸ்டூடியோவை விட்டு பெட்டியில் சாப்பாடு கட்டி விற்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். கென்சாகுவுக்கு ஸ்டேஷனை ஒட்டிய சைக்கிள் நிறுத்தத்தில் காவல் வேலை கிடைத்தது. குளிர்காலம் முழுக்க இருமுவார். முரோங்காவைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் மருத்துவமனையில் உசாமி சொன்னதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வருடங்கள் கழித்து, ஒரு மழை நாளில், வாசலில் ஒருவர் வந்து நின்றார். வங்கி ஊழியருக்கு உரிய கோட்டு, கையில் இனிப்புப் பெட்டி, முப்பது வயதுக்குள் இருக்கும். பெயர் அகுட்சு. கென்சாகு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததும் அந்த ஆள் நனைந்த கோட்டோடு அப்படியே தரையில் நெற்றி படக் கும்பிட்டார்.

"நீங்கதான் முரோங்கா" என்றார். "பேர்ல தப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். அந்த ஷிபாசாகியையே தேடிப் பிடிச்சுக் கேட்டுட்டேன். ஏரிக் காட்சியில நான் இல்லைங்க, நெமோட்டோன்னு ஒருத்தர்னு சொன்னார். உங்களைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளாச்சு."

கென்சாகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

முரோங்கா ரசிகர்கள் சங்கம் ஒன்று இருந்தது. சின்ன வயதில் பார்த்தவர்கள் எல்லாம் வளர்ந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்து நடத்துவது. ஒரு மண்டபம் எடுத்து ஐந்து பாகங்களையும் பெரிய திரையில் போடப்போகிறார்கள், உசாமியும் வருகிறார், நீங்களும் மேடையில் உட்கார வேண்டும் என்றார் அகுட்சு. கென்சாகு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அகுட்சு கிளம்பும்போது நான் குடையோடு வாசல் வரை போனேன்.

"தம்பி, அந்தக் காட்சியில அவர் நடிக்கல" என்றேன். "காப்பாத்துங்கன்னு காட்டின சைகை அது. டைரக்டர் பார்த்தும் நிறுத்தல."

அவர் முகம் வெளுத்தது. நல்ல மனுஷன், எனக்குத் தெரியும்.

"அம்மா... எங்கப்பா செத்த வருஷம் அது. நான் அழவே இல்ல. அந்தக் கையைப் பார்த்துத்தான் முதல்முதலா அழுதேன்." கைகூப்பினார். "இதை மேடையில சொல்லிடாதீங்கம்மா. கும்பிட்டுக் கேக்கறேன்."

மண்டபம் நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஏரிக் காட்சி முடிந்து விளக்குப் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் உசாமி, தலை முழுக்க வெள்ளை, கையில் தடி. அந்தக் கை வைக்கும் யோசனை எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள்.

"முந்தின வாரம் குளிக்கும்போது தோணுச்சு" என்றார் உசாமி, கொஞ்சமும் தடுமாறாமல். "மிருகம் மாதிரி சாகாதே, அம்மாவைத் தொலைச்ச பிள்ளை மாதிரி சாவுன்னு இவன்கிட்ட சொன்னேன். உடனே புரிஞ்சுக்கிட்டான்."

கைதட்டல். ஒலிபெருக்கியைக் கென்சாகு கையில் கொடுத்தார்கள். நடுக்கத்தில் அது அவர் பல்லில் இடித்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அகுட்சு ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைரக்டர் சார் சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றார் கென்சாகு. அந்த நல்ல குரல், மண்டபத்தின் கடைசி வரை போயிற்று. "ஆனா லேசுல வரல. ரெண்டு நாள் வீட்ல பழகினேன். கையை வேகமா வச்சா பொய்யாத் தெரியும், மெதுவா வச்சா சோம்பலாத் தெரியும். என் வீட்டுக்காரிதான் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் திருத்தினா. அதோ, அங்க இருக்கா."

மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. நான் எழுந்து நின்றேன். குனிந்து வணங்கினேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

திரும்பி வரும் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மடியில் அவர்கள் கொடுத்த பூங்கொத்து.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"நடந்ததை."

"நடந்தது என்ன? உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டுக் கத்தினான். அதைச் சொன்னா அத்தனை பேரும் எனக்காகப் பரிதாபப்படுவாங்க. வேணாம் மிட்சுயோ." பூங்கொத்தின் காகிதத்தை நீவிக்கொண்டே இருந்தார். "நான் நடிச்சது எவ்வளவோ இருக்கு. ஒண்ணும் எவனுக்கும் ஞாபகம் இல்ல. நான் நடிக்காதது ஒண்ணுதான் நிக்குது. அதையாவது நடிச்சேன்னு வச்சுக்கறேனே. உனக்கு என்ன போச்சு?"

"அந்த ஆள் பார்த்துட்டுத்தான் நிறுத்தலை. என்கிட்ட அவரே சொன்னார், ஆஸ்பத்திரியில."

அவர் நிமிரவில்லை. "தெரியும்" என்றார். "நான் தூங்கல அன்னைக்கு."

அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பேசவில்லை. அவர் கூட்டங்களுக்குப் போய்வந்தார். கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்தது. வீட்டில் பழகியது, கண்ணாடியை எங்கே வைத்தது, நான் என்ன திட்டினேன் என்பதெல்லாம் சேர்ந்தது. உசாமியோடு தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அதைச் சட்டம் போட்டு மாட்டினார். நான் அந்தச் சுவர்ப் பக்கம் தூசி தட்டுவதில்லை.

சில குளிர்காலங்கள் அப்படிப் போயின. பிறகு ஒன்றில் நுரையீரல் கைவிட்டது. கடைசி நாட்களில் அவரால் மூச்சை இழுக்க முடியவில்லை. என்னால் பார்க்கப் பொறுக்கவில்லை. டாக்டர் பழைய பாதிப்பு என்றார்.

இறுதிச் சடங்குக்கு ரசிகர்கள் கறுப்புக் கோட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். உசாமி சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பேசினார். "கென்சாகு, உன்னை நடிகனாக்கினது நான்னு எல்லாரும் சொல்றாங்க. இல்ல, நீதான் என்னை டைரக்டர் ஆக்கினே" என்றார். எல்லோரும் விம்மினார்கள். அவர் என்னைக் கடந்து போகும்போது, என் கையைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கடைசிவரைக்கும் நீங்க யார்கிட்டயும் சொல்லல. உங்க பெருந்தன்மை" என்றார்.

அந்த வார்த்தைதான். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒரு வாரம் கழித்து அகுட்சுவைக் கூப்பிட்டு, தொட்டி, கம்பி, சைகை, மருத்துவமனை எல்லாவற்றையும் சொன்னேன். சங்கத்தின் பத்திரிகையில் போடச் சொன்னேன். இந்த முறை அவர் மறுக்கவில்லை. அழுதுகொண்டே எழுதிக்கொண்டு போனார்.

பத்திரிகை வந்தது. நான் எதிர்பார்த்தது என்ன? உசாமியை நாலு பேர் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அது நடக்கவில்லை. பெரிய பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. ஓர் உயிர் போகும் நேரத்திலும் காமிராவை நிறுத்தாத கலைஞன் என்று உசாமியைப் பற்றி ஒருவர் நீளமாக எழுதினார். உசாமி பேட்டி கொடுத்தார். "இத்தனை வருஷமா இந்தப் பாரத்தைச் சுமந்தேன்" என்றார். முரோங்கா புதிதாக டிவிடியில் வந்தது. மேலட்டையில் சிவப்பு எழுத்தில், 'நடிப்பல்ல, நிஜம்' என்று போட்டிருந்தார்கள். நன்றாக விற்றதாம்.

அவரை நடிகர் என்று ஒப்புக்கொண்டது உலகத்தில் அந்த ஒரு கூட்டம்தான். அவர்களும் இப்போது அவரை நடிகர் என்று சொல்வதில்லை. பாவம் நெமோட்டோ என்கிறார்கள்.

அடுத்த கோடையில் மறுபடி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். ஏரிக் காட்சியின்போது இந்த முறை யாரும் அழவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, கால் எங்கே மாட்டுகிறது, உண்மையிலேயே மூச்சு முட்டுவது எந்த இடத்தில் என்று உற்றுப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒருவன் தன் தோழனிடம், "இதோ, இப்பதான், பாரு" என்று கிசுகிசுத்தான்.

விளக்கு வந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"பத்திரிகையில நான் சொன்னது பொய்" என்றேன். "டைரக்டர் மேல கோபம், அதனால சொல்லிட்டேன். என் வீட்டுக்காரர் நடிச்சார். ரெண்டு நாள் வீட்ல பழகினார். கையை வேகமா வச்சா பொய்யாத் தெரியுது, மெதுவா வைங்கன்னு நான்தான் சொன்னேன். அவர் பெரிய நடிகர்."

மண்டபத்தில் எல்லோரும் மரியாதையாக, மெதுவாக, இழவு வீட்டில் பேசுவதுபோல அடக்கிக் கைதட்டினார்கள். ஒரு பெண் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அகுட்சு ஓடிவந்து என் முழங்கையைத் தாங்கிப் படியில் இறக்கினார்.

"புரியுதும்மா" என்றார். "எல்லாருக்கும் புரியும். உட்காருங்க, தண்ணி தரட்டுமா?"

ஒருத்தர்கூட நம்பவில்லை.